தயிர் ஏட்டின் மேல் பதினாறு மாடி: சிகாகோவில் ஜான் ரூட்டின் வணிகக் கட்டடங்கள்

முதல் நாள்: கட்டடத்துக்கு முன்னால் மண்

சிகாகோவுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கட்டடக்கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட்டின் கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். சுவர் நடைபாதையைத் தொடும் இடம், வாசலில் படி ஏறுகிறதா இறங்குகிறதா, சுவரின் கனம் எவ்வளவு என்று கவனித்தால் அவர் வேலையில் பாதி பிடிபட்டுவிடும். மீதிப் பாதிக்குத்தான் கழுத்து வலிக்க வேண்டும்.

ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைன் ரயிலில் ஏறினால் சுமார் 45 நிமிடத்தில் ஜாக்சன் நிலையம். மேலே வந்தால் மொனாட்நாக் கட்டடம் எதிரிலேயே நிற்கும். ஆனால் அதை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் முக்கிய முகம் டியர்பார்ன் தெருப் பக்கம், அதாவது கிழக்கே பார்த்தது. காலை வெயிலில் பார்த்தால்தான் செங்கல்லின் வளைவு தெரியும். இரண்டாம் நாள் பார்க்கும் ரூக்கரி கட்டடம் மேற்கையும் வடக்கையும் பார்த்தது, அதற்கு மாலை நேரம். நான்காம் நாளின் ரிலையன்ஸ் கட்டடம் கிழக்கும் வடக்கும் பார்த்தது, அதற்கும் காலைதான். ஐந்து நாள் திட்டமும் இந்த வெயில் கணக்கில் போட்டது. நவம்பருக்கு மேல் போனால் ஏரிக்காற்றில் தெருவில் நின்று பார்க்க முடியாது, மே முதல் அக்டோபர் வரை நல்லது.

ஊரின் அவசரத்தை மக்கள்தொகையே சொல்லும். 1870 கணக்கெடுப்பில் 2,98,977 பேர். மறு ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி பற்றிய தீயில் 17,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின, சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அப்படியும் 1880இல் 5,03,185 பேர். 1890இல் 10,99,850. நிலத்தின் விலை ஏறஏற, இருக்கிற மனையில் மாடி மேல் மாடி போட வேண்டிய கட்டாயம் வந்தது.

தீக்குப் பின் வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவர்களில் ரூட்டும் ஒருவர். 1850இல் ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கினில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடும்பம் அவரை இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு அனுப்பியது. திரும்பி வந்து 1869இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்தார். கலைப்பள்ளி மாணவராக இல்லாமல் எஞ்சினியராகப் படித்தவர் என்பதை நினைவில் வையுங்கள். 1873இல் டேனியல் பர்னமுடன் கூட்டுச் சேர்ந்தார். வாடிக்கையாளரைப் பிடிப்பதும் அலுவலகத்தை நடத்துவதும் பர்னம், வரைவது ரூட். 1891 ஜனவரி 15ஆம் தேதி நிமோனியாவில் ரூட் இறந்தபோது வயது 41.

இனி மண். இங்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் மேலே கொட்டி நிரப்பிய மண். அதன் கீழே சில அடி கனத்துக்குக் கெட்டியான களிமண் அடுக்கு. அதற்கும் கீழே குழைந்த நீலக் களிமண். பாறை ஏறக்குறைய 100 அடி ஆழத்தில். தயிரின் மேல் ஏடு கட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கட்டடங்கள் எல்லாம் அந்த ஏட்டின் மேல்தான் உட்கார்ந்தன. ஆழமாகத் தோண்டினால் பலம் கூடும் என்ற நம் ஊர் வழக்கம் இங்கே செல்லாது. அதிகம் தோண்டினால் ஏடு மெலியும், கட்டடம் இன்னும் இறங்கும்.

ஃபிரடெரிக் பாமன் என்ற சிகாகோ கட்டடக்கலைஞர் 1873இல் ஒரு சிறு நூலில் இதற்கு வழி சொன்னார். சுவர் முழுவதற்கும் ஒரே நீள அஸ்திவாரம் போடாதே. ஒவ்வொரு தூணுக்கும் தனி அஸ்திவாரம் போடு. அதன் பரப்பு அந்தத் தூண் சுமக்கும் பாரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். பாரத்தின் மையமும் அஸ்திவாரத்தின் மையமும் ஒன்றின் மேல் ஒன்று விழட்டும். கட்டடம் இறங்கத்தான் போகிறது, ஆனால் எல்லா மூலையும் ஒரே அளவு இறங்கினால் விரிசல் விடாது. ஒரு தூண் 5 அங்குலமும் பக்கத்துத் தூண் 2 அங்குலமும் இறங்கினால்தான் கதை முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். களிமண் ஒரு சதுர அடிக்கு 3,000 பவுண்டு, அதாவது ஒன்றரை டன் தாங்கும் என்று எடுத்துக்கொள்வோம். 300 டன் தூணுக்கு 200 சதுர அடி வேண்டும். ஏறக்குறைய 14 அடிக்கு 14 அடி. தூணின் அடி 4 அடிச் சதுரம் என்றால் நான்கு பக்கமும் 5 அடி அகட்ட வேண்டும். கல் வளைவைத் தாங்காது, ஆகவே படிப்படியாகத்தான் அகட்ட முடியும். 2 அடி இறங்கினால் 1 அடி அகலம் என்ற விகிதத்தில் பார்த்தாலும் 10 அடி உயரக் கல் பிரமிடு ஆகிவிடும். தூணுக்குத் தூண் இப்படி நின்றால் நிலவறையில் நடக்கவும் இடம் இருக்காது. போதாததற்கு அந்தக் கல்லின் எடையே மண்ணுக்குக் கூடுதல் பாரம்.

இதற்கு ரூட் கண்ட வழி பழைய தண்டவாளம். மன்றோ தெருவில் மொண்டாக் என்ற 10 மாடி, 130 அடிக் கட்டடம். பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர், ஷெப்பர்ட் புரூக்ஸ் சகோதரர்களின் பணம், சிகாகோவில் அவர்களுடைய முகவர் ஓவன் ஆல்டிஸ். நிலவறையில் இயந்திரங்களுக்கு இடம் வேண்டியிருந்தது, கல் பிரமிடு வழியை மறித்தது. ரூட் சில தூண்களுக்குக் கல்லை எடுத்துவிட்டுத் தண்டவாளத்தைப் போட்டார். 1882இல் முடிந்தது. 1902இல் இடித்துவிட்டார்கள், தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. முதல் நாளில் அந்தத் தெருவை ஒரு முறை கடந்து போவதோடு சரி.

போடும் முறை இது. கெட்டி ஏட்டின் மேற்பரப்பு வரை மட்டும் தோண்டி, ரசமட்டம் பார்த்து, கான்கிரீட் படுகை போடுவது. அதன்மேல் தண்டவாளங்களை நெருக்கமாக ஒரே திசையில் அடுக்கி, இடுக்கெல்லாம் கான்கிரீட் இடித்து நிரப்புவது. அடுத்த அடுக்கு குறுக்கே, கொஞ்சம் நீளம் குறைவாக. இப்படி நாலைந்து அடுக்கு. உச்சியில் வார்ப்பிரும்புப் பாதம், அதன்மேல் தூண். வளைவை எஃகு தாங்கிக்கொள்வதால் 10 அடி பிரமிடு செய்யும் வேலையை 2 அடி கனப் பலகை செய்துவிடும். கான்கிரீட் இடுக்கில் பொக்கை விட்டால் ஈரம் புகுந்து தண்டவாளம் துருப்பிடிக்கும். அந்த இடிப்பு வேலையில்தான் மேஸ்திரியின் கண் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: ரூக்கரி

ஆடம்ஸ் தெருவும் லாசால் தெருவும் சந்திக்கும் தென்கிழக்கு மூலை. குவின்சி நிலையம்தான் மிக அருகில். 1897இல் திறந்த அந்த மேம்பால ரயில் நிலையத்தைப் பழைய தோற்றத்துக்கே புதுப்பித்திருக்கிறார்கள், இறங்கும்போது பயணச்சீட்டுக் கூண்டையும் பார்த்துவிடுங்கள்.

தீக்குப் பின் இந்த மனையில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தற்காலிக நகர மண்டபம் எழுந்தது. சிகாகோவின் முதல் பொது நூலகம் நடந்ததும் அந்த இரும்புத் தொட்டிக்குள்தான். புறாவும் காக்கையும் அடையும் இடமென்று மக்கள் அதை ரூக்கரி என்று கேலி செய்தார்கள். ரூக் என்பது காக்கை இனப் பறவை. உள்ளே இருந்த அரசியல்வாதிகளையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் என்பார்கள். புதுக் கட்டடத்துக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. லாசால் தெரு வாசலில் ரூட் செதுக்கவைத்த இரண்டு பறவைகளைத் தேடுங்கள், கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

கட்டியது 1885 முதல் 1888 வரை, 11 மாடி. தெருவின் தெற்குக் கோடியில் 1885இல் திறந்த வணிகக் கழகம், அதாவது தானியச் சந்தை, இந்தத் தெருவையே பணத்தெருவாக மாற்றியிருந்தது. இன்று அங்கே நிற்பது 1930இல் வந்த கட்டடம். ரூக்கரிக்கு எதிர்மூலையில், ஆடம்ஸ் தெருவைத் தாண்டி, வில்லியம் லெ பாரன் ஜென்னியின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885 முதல் 1931 வரை நின்றது. முதல் வானளாவி என்று பாடநூல்கள் சொல்வது அதைத்தான்.

தெருப்பக்கச் சுவர்கள் தங்கள் பாரத்தைத் தாங்களே சுமப்பவை. கீழே கருங்கல் தூண்கள், மேலே செம்பழுப்புச் செங்கல், டெரகோட்டா என்ற சுட்டமண் பலகை. இங்கே ஐந்து நிமிடம் போதும், உள்ளே போய்விடுங்கள். மனை ஏறக்குறைய சதுரம். நடுவில் உள்ள அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? மின்விளக்கு மங்கலாகவும் விலை கூடுதலாகவும் இருந்த காலம். வெளிச்சம் இல்லாத அறைக்கு வாடகை கிடைக்காது. ரூட் நடுவில் முற்றம் விட்டார். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைப் போலத்தான், ஆனால் 11 மாடி உயரத்துக்கு. தரைத்தளத்தில் அந்த முற்றத்தை வீணாக்காமல் இரண்டாம் மாடிக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு, சுற்றிலும் கடைகள் வைத்தார். கூரைக்கு மேலே முற்றத்துச் சுவர்கள் இரும்புச் சட்டகத்தின் மேல் நிற்பவை, வெள்ளை மெருகு பூசியவை. வெள்ளைப் பரப்பு கீழ் மாடி ஜன்னல் வரை வெளிச்சத்தை எறிந்து கொடுக்கும்.

ஒரே கட்டடத்தில் வெளியே கனச்சுவர், உள்ளே இரும்பு என்றால் தலைவலி இரண்டு. முதலாவது, இரண்டின் பாரமும் வேறுவேறு, பாமன் கணக்கில் பிசகு வந்தால் தளம் சாயும். இரண்டாவது, உயரமான செங்கல் சுவரில் சாந்து இறுகும்போது உயரம் கொஞ்சம் குறையும், இரும்புத் தூண் அப்படிக் குறையாது. ஒரு முனை சுவரிலும் மறுமுனை தூணிலும் உட்காரும் உத்தரம் இதனால் மட்டம் தவறும். அஸ்திவாரம் போடும்போதே இதற்கு இடம் விட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முற்றத்தில் இப்போது பார்க்கும் வெள்ளைச் சலவைக்கல்லும் தங்கக் கோலமும் ரூட்டுடையவை அல்ல. 1905 முதல் 1907 வரை ஃபிராங்க் லாயிட் ரைட் மாற்றியவை. ரூட்டின் இரும்பு வேலைப்பாட்டை அவர் கல்லால் போர்த்தினார். 1931இல் வில்லியம் டிரம்மண்ட் இன்னொரு முறை கைவைத்தார். பிறகு கண்ணாடிக் கூரைக்குத் தார் பூசி முற்றத்தையே இருட்டாக்கினார்கள். ஒழுகுகிற கண்ணாடிக்குத் தார் என்பது எல்லா ஊரிலும் கிடைக்கும் மலிவான மருந்து. 1992இல் முடிந்த புதுப்பிப்பில் தாரை எடுத்து ரைட்டின் கல்லை மீட்டார்கள். ஒரு தூணில் மட்டும் கல்லைத் திறந்து, உள்ளே இருக்கும் ரூட்டின் இரும்புத் தூண் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். மூன்று கை வேலையையும் ஒரே பார்வையில் படிக்க இந்தத் தூண்தான் திறவுகோல். ரைட் நன்றாகவே செய்தார், ஆனாலும் ஒளி ஊடுருவும் அந்த இரும்புக் கொடிகளைக் கனமான கல்லால் மூடியதை நன்மை என்று சொல்ல மனம் வரவில்லை.

கூடத்துக்குள் வேலை நாட்களில் யாரும் போகலாம். மேற்குப் பக்கத்தில் முற்றத்துக்குள் பிதுங்கி நிற்கும் சுழல் மாடிப்படியைக் கீழிருந்து முழுவதும் பார்க்க முடியாது. வழிகாட்டியுடன் செல்லும் சுற்றில் சேர்ந்தால்தான் கண்ணாடிக் கூரைக்கு மேலே அது மாடி மாடியாக எப்படித் தொற்றி ஏறுகிறது என்று தெரியும். பர்னமும் ரூட்டும் தங்கள் அலுவலகத்தையே இந்தக் கட்டடத்தின் 11ஆம் மாடியில்தான் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள்: மொனாட்நாக்

இந்த ஒரு கட்டடத்துக்கு ஒரு முழு நாள். காலை 8 மணிக்கு டியர்பார்ன் தெருவின் கிழக்கு நடைபாதையில் நின்றுகொள்ளுங்கள். பிறகு ஜாக்சன் தெருவைத் தாண்டி வடக்கே கூட்டரசுக் கட்டடங்களின் திறந்தவெளிக்குப் போங்கள். மீஸ் வான் டெர் ரோவின் கறுப்பு எஃகுக் கட்டடங்களும் கால்டரின் சிவப்புச் சிற்பமும் உள்ள இடம். ஜாக்சன் தெருவைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தால் மொனாட்நாக்கின் வடக்கு முகம் தெரியும். முன்னே இருப்பது 1891, பின்னே இருப்பவை 1960களிலும் 1970களிலும் எழுந்தவை.

பணம் போட்டவர்கள் மறுபடியும் புரூக்ஸ் சகோதரர்கள், முகவர் ஆல்டிஸ். பீட்டர் புரூக்ஸின் கட்டளை தெளிவு: சுவரில் பிதுக்கம் வேண்டாம், குழிவு வேண்டாம். பிதுக்கத்தில் அழுக்கு சேரும், புறா உட்காரும். அலங்காரத்தில் கைதேர்ந்த ரூட்டுக்கு இது முதலில் கசந்தது. பிறகு அந்தத் தடையையே வடிவமாக்கினார். அடியில் சுவர் மெதுவாக வெளியே விரிகிறது, உச்சியில் எகிப்தியத் தூணைப்போல மறுபடி மலர்கிறது. மூலைகளைப் பாருங்கள். கீழே கூராகத் தொடங்கும் மூலை மேலே போகப்போகச் சீவப்பட்டு அகலமாகிறது. இதைச் சாதாரணச் செங்கல்லை வெட்டிச் செய்யவில்லை. வளைவுக்கும் கோணத்துக்கும் தனித்தனி அச்சில் வார்த்துச் சுட்ட செங்கற்கள். வெட்டிய செங்கல்லின் முகம் மழையில் சீக்கிரம் உதிரும், சுட்ட முகம் நிற்கும்.

உயரம் 215 அடி, 16 மாடி. அந்த உயரத்தில் வெறும் செங்கல் சுவரே பாரம் தாங்குவதால் அடியில் கனம் 6 அடி. உச்சியில் ஒன்றரை அடி. மனையின் அகலம் 70 அடியைத் தாண்டாது. இரு பக்கமும் 6 அடி போனால், தெருவைப் பார்த்த கடைக்கு, அதாவது அதிக வாடகை வரும் இடத்துக்கு, எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். எஃகுச் சட்டகம் வந்துவிட்ட ஆண்டுகளில் ஏன் இந்தப் பிடிவாதம்? உரிமையாளர்களுக்குச் செங்கல்மேல் இருந்த நம்பிக்கை புது எஃகின்மேல் வரவில்லை. செங்கல் சுவர் எத்தனை நூற்றாண்டு நிற்கும் என்று தெரியும், சுவருக்குள் புதைந்த எஃகு எத்தனை ஆண்டில் துருப்பிடிக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அளவுநாடா கொண்டுபோகாவிட்டாலும், தரைத்தளக் கடை ஜன்னல் ஒன்றின் ஓரத்தில் சுவரின் உள்மடிப்பைக் கண்ணாலாவது அளந்து பாருங்கள். ஜன்னல் மேடை ஒரு ஆள் படுக்கும் அகலம் இருக்கும்.

ஒல்லியான உயரக் கட்டடத்துக்குக் காற்றும் எதிரி. சுவரின் கனம் மட்டும் போதாதென்று, உள்ளே தூண்களுக்கிடையே எஃகுச் சட்டங்களை ஆணியடித்து முறுக்கி வாசல் நிலைபோல இறுக்கினார்கள். அமெரிக்காவில் இந்த முறையை முயன்ற முதல் கட்டடங்களில் இது ஒன்று. ஆகவே வெறும் செங்கல் கட்டடம் என்று சொல்லும் கையேடுகளை முழுக்க நம்ப வேண்டாம். வெளியே செங்கல், உள்ளே தூணும் உத்தரமும் உலோகம்.

ரூக்கரிக்கு முற்றம், இதற்கு ஏன் இல்லை? மனை ஒல்லி. நடுவில் நடைவழி விட்டு இரண்டு பக்கமும் அறை போட்டால் ஒவ்வொரு அறைக்கும் தெருவைப் பார்த்த ஜன்னல் கிடைத்துவிடும். அலையலையாக வெளியே வரும் ஜன்னல் வரிசைகளுக்கு வேலை இரண்டு. மூன்று பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வாங்கும். கூடவே மனைக்கு வெளியே, தெருவின் வான்வெளியில், வாடகைக்கு விடும் சில சதுர அடி இலவசம்! பிதுக்கம் வேண்டாமென்ற புரூக்ஸ் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது குனியுங்கள். வாசலில் படி ஏற வேண்டியிருக்காது, இறங்க வேண்டியிருக்கும். அஸ்திவாரம் 2 அடி கனக் கான்கிரீட்டும் எஃகு உத்தரமும் சேர்ந்த மிதவை. சுவருக்கு வெளியே 11 அடி வரை தெருவுக்கடியில் நீள்கிறது. கட்டும்போதே 8 அங்குலம் இறங்கும் என்று கணக்கிட்டுத்தான் தளத்தை உயர்த்தி வைத்தார்கள். 1905க்குள் 8 அங்குலத்தையும் தாண்டிவிட்டது, தரைத்தளத்தை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. 1948இல் மொத்தம் 20 அங்குலம். கணக்கு ஏன் தப்பியது? களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்லமெல்லப் பிழிந்து வெளியேறும்போதுதான் கட்டடம் இறங்கும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அன்று சோதிக்கத் தெரியும், நாற்பது ஆண்டு கழித்து எவ்வளவு இறங்கும் என்று கணிக்கும் மண்ணியல் கோட்பாடு 1920களில்தான் வந்தது. அதோடு அஸ்திவாரப் பரப்பை எவ்வளவு அகட்டினாலும் பாரம் கீழே உள்ள குழைமண்ணுக்குப் போகத்தான் செய்யும். ஏடு கிழியாமல் இருக்கலாம், தயிர் அமுங்கும். 20 அங்குலம் இறங்கியும் சுவர் பிளக்காததற்குக் காரணம் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கியதுதான்.

உள்ளே நடைவழியில் மொசைக் தரை, ஓக் மரச் சட்டம், சிறு கடைகள். 1979இல் தொடங்கிய புதுப்பிப்பு பழைய தோற்றத்தைப் பொறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தது. படிக்கட்டின் கைப்பிடிக் கிராதியைத் தொட்டுப் பாருங்கள், அலுமினியம். கட்டட வேலையில் அலுமினியம் நுழைந்த ஆரம்ப இடங்களில் இது ஒன்று, அன்று அது விலையுயர்ந்த உலோகம். வடக்குப் பாதி மட்டும்தான் ரூட். தெற்குப் பாதி 1893இல் ஹொலபர்ட்-ரோச் நிறுவனம் கட்டியது, எஃகுச் சட்டகத்தை நம்பியது. நடைவழியில் தெற்கு நோக்கி நடந்தால் ஓரிடத்தில் சுவர் மெலியும், கடையின் கண்ணாடி அகலும். இரண்டே ஆண்டு இடைவெளி. தெற்குப் பாதிக்கு எடை குறைவு, வாடகை இடம் கூடுதல்.

நான்காம் நாள்: ஸ்டேட் தெரு, கால்நடைச் சந்தை

ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் தென்மேற்கு மூலையில் ரிலையன்ஸ். மேலே வெள்ளை டெரகோட்டாவும் கண்ணாடியுமாக இருப்பது ரூட்டின் வேலையல்ல. அவர் இறந்தபின் சார்லஸ் ஆட்வுட் வடிவமைத்தது, எஞ்சினியர் எட்வர்ட் ஷாங்க்லாண்ட், முடிந்தது 1895. ரூட்டுடையது அஸ்திவாரமும் தரைத்தளமும் மட்டும். அந்தத் தரைத்தளம் எழுந்த விதம்தான் விசேஷம்.

லிஃப்ட் தொழிலதிபர் வில்லியம் ஹேல் மனையை வாங்கியபோது மேல் மாடி வாடகைதாரர்களின் ஒப்பந்தம் 1894 மே வரை இருந்தது. அவர்கள் காலி செய்ய மாட்டோம் என்றார்கள். ஹேல், மேல் மாடிகளைத் திருகு ஜாக்கிகளில் தாங்கி நிறுத்திவிட்டு, அடியில் இருந்த தரைத்தளத்தை இடித்து, புது அஸ்திவாரமும் புதுத் தரைத்தளமும் போடவைத்தார். மேலே வாடகைதாரர் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பழைய மாடிகளை இடித்து எஃகுச் சட்டகத்தை ஏற்றினார்கள். மேல் 10 மாடிச் சட்டகம் எழ 15 நாள்தான். சிகாகோக்காரர்களுக்கு ஜாக்கி புதிதல்ல. 1850களிலும் 60களிலும் சாக்கடை போடுவதற்காகத் தெருமட்டத்தையே உயர்த்தியபோது, பெரிய கட்டடங்களை நூற்றுக்கணக்கான திருகுகளால் தூக்கிய ஊர் இது. ஒவ்வொரு திருகுக்கும் ஆள் நிறுத்தி, சைகை கேட்டதும் எல்லாரும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒருவன் கூடத் திருப்பினால் சுவர் பிளக்கும். அஸ்திவாரத்தின் அதே விதி, தலைகீழாக.

டெரகோட்டாவின் நோயையும் இங்கே படிக்கலாம். மெருகுப் பலகையின் இணைப்பில் சாந்து உதிர்ந்தால் தண்ணீர் பின்னால் போகும். பலகையைச் சட்டகத்தோடு பிணைக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்து உப்பும். பலகை உள்ளிருந்து வெடிக்கும். 1990களில் பழுதான பலகைகளை மாற்றித்தான் கட்டடத்தை மீட்டார்கள். 1999 முதல் விடுதி. ஓர் இரவு தங்கினால் மேல் மாடி நடைவழியில் பழைய அலுவலகக் கதவுகளைப் பார்க்கலாம், தங்காதவர்களுக்கு முன்கூடமும் பழைய லிஃப்ட் கிராதியும்.

அங்கிருந்து வடக்கே ராண்டால்ஃப் தெரு மூலை. ரூட்டின் மேசோனிக் டெம்பிள் 1892இல் 302 அடி உயரத்தில் எழுந்த இடம். மறு ஆண்டே நகரம் கட்டட உயரத்தை 130 அடிக்குக் கட்டுப்படுத்தியது. 1939இல் இடித்தார்கள். இரண்டு நிமிடம் போதும்.

மதியம் 8ஆம் எண் ஹால்ஸ்டட் பேருந்தில் தெற்கே எக்ஸ்சேஞ்ச் அவென்யூ. 1865 முதல் 1971 வரை நடந்த கால்நடைச் சந்தையின் சுண்ணாம்புக்கல் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. 1879 வாக்கில் எழுந்தது, பர்னம்-ரூட் வேலை என்று கருதப்படுவது. சந்தையின் பெரும்புள்ளி ஜான் ஷெர்மன்தான் இந்த இளம் நிறுவனத்துக்கு முதல் பெரிய வீட்டு வேலையைக் கொடுத்தவர், பர்னமின் மாமனாரும் ஆனவர். கல்தலைக் காளையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம், சுற்றிலும் கிடங்குகள்தான். நேரம் மிஞ்சினால் வடக்கே ரெட் லைனில் ஷெரிடன் நிலையம் இறங்கி கிரேஸ்லாண்ட் கல்லறைத் தோட்டம். ரூட்டுக்கு உயரமான கெல்டிக் சிலுவை, பர்னமுக்குச் சிறு தீவு.

ஐந்தாம் நாள்: ஆடிட்டோரியமும் கைவெட்டுக் கிணறும்

இன்று பார்க்கும் ஆடிட்டோரியமும் பங்குச்சந்தைக் கூடமும் ரூட்டுடையவை அல்ல, அட்லர்-சலிவன் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டியவை. ஆனால் மிதவை அஸ்திவாரம் எங்கே தோற்றது, அடுத்து என்ன வந்தது என்று இவற்றில்தான் தெரியும்.

மிச்சிகன் அவென்யூவில் 1889இல் திறந்த ஆடிட்டோரியம். 10 மாடிக் கட்டடத்தின் மேல் 17 மாடிக் கோபுரம். கோபுரம் கடைசியில்தான் பாரம் ஏறும், அப்போது தனியாக இறங்கும் என்று அட்லருக்குத் தெரியும். ஆகவே கோபுரம் எழுமுன்பே அதன் அடியில் செங்கல்லையும் இரும்புக் கட்டிகளையும் குவித்துச் செயற்கைப் பாரம் ஏற்றினார். சுவர் ஏற ஏற அவற்றை எடுத்துவிடுவது திட்டம். கோபுரத்துக்கு இது உதவியது. ஆனால் வெளிச்சுவரை முதலில் நினைத்ததைவிடக் கனமான கல்லில் கட்ட முடிவானபோது அஸ்திவாரம் ஏற்கெனவே பழைய கணக்கில் போட்டாயிற்று. வெளிச்சுவர் 2 அடிக்கு மேல் இறங்கியது. மிச்சிகன் அவென்யூ வாசல் வழியாகப் போய், கூடத்துத் தரை சுவரை நோக்கிச் சரிவதைக் காலால் உணரலாம். வரைபடத்தில் கல்லை மாற்றுகிறவர்கள் அஸ்திவாரத்தையும் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை கிடையாது.

ஏழெட்டு நிமிடம் வடக்கே நடந்தால் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 உலகக் கண்காட்சியின்போது சர்வமத மாநாடு நடந்ததும், விவேகானந்தர் பேசியதும் இந்தக் கட்டடத்தில்தான். ஓவியங்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். இன்று சிகாகோ பங்குச்சந்தையின் வர்த்தகக் கூடத்தைக் கேளுங்கள். 1894இல் எழுந்த பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972இல் இடித்தபோது காப்பாற்றி, 1977இல் இங்கே மறுபடி கட்டிவைத்தது. தனி நிகழ்ச்சிகளுக்கு விடுவதுண்டு, உள்ளே போகுமுன் திறந்திருக்கிறதா என்று வரவேற்பில் கேட்டுக்கொள்வது நல்லது. அதன் வாசல் வளைவு வெளியே மன்றோ-கொலம்பஸ் மூலையில் நிற்கிறது, அதற்குக் கட்டணமில்லை.

அந்தக் கட்டடத்துக்கு 50 அடி மர முளைகள் அடிக்கத் திட்டம். மேற்கே ஒட்டி ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அச்சு இயந்திரங்கள். முளை அடிக்கும் அதிர்வில் அவை மட்டம் தவறிவிடும். வில்லியம் சூய் ஸ்மித் என்ற பாலப் பொறியாளர் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு வழி சொன்னார். கிணறு வெட்டுவதுபோல ஆள் இறங்கிச் சில அடி தோண்டுவது. சுற்றுச்சுவர் சரியுமுன் செங்குத்தாக மரப்பலகைகளை நிறுத்தி, உள்ளே இரும்பு வளையம் வைத்து ஆப்பு அடித்து இறுக்குவது. மறுபடி சில அடி, மறுபடி பலகை. கெட்டித் தரை வரும்வரை. பிறகு கான்கிரீட்டால் நிரப்புவது. பலகைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விட்டால் குழைமண் உள்ளே பிதுங்கும், பக்கத்துக் கட்டடம் அந்தப் பக்கம் சாயும். ஆகவே தோண்டும் விட்டம் பலகைக்கு மிகச் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கைவெட்டுக் கிணறுகள் ஏட்டை ஊடுருவி, தயிரைத் தாண்டி, கீழே உள்ள கெட்டித் தரையில் நின்றன. அடுத்த இருபது ஆண்டில் உயரக் கட்டடங்களுக்கு இதுவே வழக்கமாயிற்று, தண்டவாள மிதவை வழக்கொழிந்தது. ரூட் இதைப் பார்க்கவில்லை, இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கெட்டித் தரை வரை கிணறு இறங்கிய பங்குச்சந்தையில் எஞ்சியது ஒரு வளைவும் ஒரு கூடமும். 20 அங்குலம் இறங்கிய மொனாட்நாக்கில் இன்றும் அறைகள் வாடகைக்குப் போகின்றன. ஊர் திரும்ப ப்ளூ லைன் ஏறுவதும் அதன் வாசலில்தான்.